கண்ணைக் கட்டிக் கோஸ்டரில் விட்டால்...

பழைய ரோலர் கோஸ்டர். பயணி தலையில் ஒரு வி.ஆர். ஹெட்செட். புது ரைடு ரெடி! 2015ல் ஜெர்மனியில் தொடங்கி, 2016ல் கண்டம் விட்டுக் கண்டம் பரவி, அடுத்த சில ஆண்டுகளிலேயே பல பூங்காக்கள் கைகழுவிய ஒரு யோசனையின் கதை இது.

இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் இருக்கும் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் 2002ல் ‘ஏர்’ என்றொரு ரோலர் கோஸ்டர் வந்தது. செலவு 1.2 கோடி பவுண்டு. உட்கார்ந்து போகிற கோஸ்டர் அல்ல, குப்புறப் படுத்தபடி பறக்கிற கோஸ்டர். சீட்டில் அமர்ந்து மார்புக் கவசம் பூட்டப்பட்டதும், சீட் அப்படியே சாய்ந்து மேலெழும்பி, முகம் தரையைப் பார்க்கும்படி ஆளைத் தொங்கவிடும். பிறகு மணிக்கு 75 கி.மீ. வேகத்தில் 840 மீட்டர் தண்டவாளத்தில் ஓட்டம். வந்த புதிதில் வரிசை நீண்டது. 14 வருடம் கழித்து அதுவும் பூங்காவின் பழைய ரைடுகளில் ஒன்றாகிவிட்டது.

2016 மார்ச் 24 அன்று அதே தண்டவாளம், அதே ரயில், ‘கேலக்டிகா’ என்ற புதுப் பெயரோடு திறக்கப்பட்டது. மாறியது பயணியின் முகத்தில் மாட்டப்பட்ட சாம்சங் கியர் வி.ஆர். ஹெட்செட். தரையில் புல்வெளியும் கான்கிரீட் பாதையும் தெரிய வேண்டிய இடத்தில் இப்போது விண்மீன்கள், கோள்கள், வேற்றுலகப் பள்ளத்தாக்குகள். ரயில் சரிகிற இடத்தில் விண்கலம் சரிந்தது. ரயில் மல்லாந்த இடத்தில் விண்வெளியே தலைகீழானது. முழுக்க மெய்நிகர் காட்சிக்கென்றே அர்ப்பணிக்கப்பட்ட உலகின் முதல் ரோலர் கோஸ்டர் என்று பூங்கா விளம்பரம் செய்தது. பிரிட்டிஷ் விண்வெளி வீரர் டிம் பீக் சர்வதேச விண்வெளி நிலையத்தில் தங்கியிருந்த மாதங்கள் அவை. ஊரெல்லாம் விண்வெளிப் பேச்சு. விளம்பரத்துக்கு அதைவிட நல்ல நேரம் அமையாது.

2019 பருவத்தில் கேலக்டிகா ஓடியது, ஹெட்செட் இல்லாமல்.

இடையில் என்ன நடந்தது? தொழில்நுட்பம் தோற்றுவிட்டது என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால், விஷயம் அப்படி இல்லை. கண்ணையும் காதையும் ஒரே நேரத்தில் நம்பவைக்கும் அந்த வித்தை நன்றாகவே வேலை செய்தது. பூங்காக்களை மடக்கியது வேறு: வரிசை, சுத்தம், பேட்டரி, பராமரிப்பு.

காது ஒன்று சொல்ல, கண் ஒன்று சொல்ல

கதையின் தொடக்கம் ஜெர்மனியில். கருங்காட்டுப் பகுதியை ஒட்டி, ரஸ்ட் என்ற சிற்றூரில் இருக்கிறது யூரோப்பா பார்க். 1975ல் அதைத் தொடங்கிய மாக் குடும்பத்துக்கு இந்தத் தொழில் பரம்பரைச் சொத்து. அவர்களுடைய மாக் ரைட்ஸ் நிறுவனத்தின் வேர் 1780ல் வால்ட்கிர்ஷ் ஊரில் வண்டி செய்யும் பட்டறையில் இருக்கிறது. இன்று உலகமெங்கும் கோஸ்டர் விற்கிறார்கள். யூரோப்பா பார்க்கே அவர்களுக்கு ஷோரூம், பரிசோதனைக்கூடமும் அதுதான்.

அந்தக் குடும்பத்தோடு கைகோத்தவர் தாமஸ் வாக்னர். காய்சர்ஸ்லவுட்டர்ன் தொழில்நுட்பக் கல்லூரியில் மெய்நிகர் வடிவமைப்புப் பேராசிரியர். வி.ஆர். ஹெட்செட் அப்போது ஒரு பெரிய தலைவலியோடு போராடிக்கொண்டிருந்தது. நிஜமான தலைவலிதான். வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்செட்டுக்குள் கோஸ்டர் ஓட்டம் பார்த்தால் பலருக்கு ஐந்து நிமிடத்தில் குமட்டும்.

காரணம் காதுக்குள் இருக்கிறது. உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் உண்டு. அவற்றில் இருக்கும் திரவம், தலை எந்தத் திசையில் சுழல்கிறது என்று மூளைக்குச் சொல்கிறது. பக்கத்திலேயே இரண்டு சிறு பைகள். அவற்றில் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள், உடல் முன்னே தள்ளப்படுகிறதா, கீழே விழுகிறதா, எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்கின்றன. கண் ‘பாய்கிறோம்’ என்கிறது, காது ‘அசையவே இல்லை’ என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலைக் கொண்டுவருகிறது என்ற கருத்தை ரீசன், பிராண்ட் என்ற இரு உளவியலாளர்கள் 1975ல் வெளிவந்த தங்கள் நூலில் விரிவாக முன்வைத்தார்கள். மலைப்பாதையில் பஸ்ஸில் போகும்போது செல்போனைப் பார்த்துக்கொண்டே வந்தவர்களுக்கு இது புரியும். அங்கே காது ‘வளைகிறோம்’ என்கிறது, கண்ணுக்குத் தெரிகிற எழுத்தோ அசையாமல் நிற்கிறது.

அப்படியானால், ஹெட்செட்டை நாற்காலியில் மாட்டாமல் நிஜ ரோலர் கோஸ்டரில் மாட்டினால்? கண் பார்க்கிற ஒவ்வொரு வளைவுக்கும் காது சாட்சி சொல்லும். முரண்பாடு இல்லை, குமட்டலும் குறையும். கோஸ்டரில் ஹெட்செட் மாட்டினால் வாந்திதான் என்று யாரும் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு. காட்சியும் ஓட்டமும் சரியாகப் பொருந்தியபோது, நாற்காலியில் சுருண்டவர்களும் கோஸ்டரில் தாக்குப்பிடித்தார்கள்.

இன்னொரு லாபமும் கிடைத்தது. உட்காதுக்கு உயரம் தெரியாது, வேக மாற்றம் மட்டும்தான் தெரியும். சில மீட்டர் சரிவில் வயிற்றைக் கலக்குகிற அந்த ஒரு நொடியை எடுத்துக்கொண்டு, கண்ணுக்கு நூறு மீட்டர் பாதாளத்தைக் காட்டினால் மூளை மறுபேச்சில்லாமல் நம்பிவிடுகிறது. திசை பொருந்தினால் போதும், அளவைக் கூட்டிக்கொள்ளலாம். குழந்தைகள் கோஸ்டரில் டிராகன் பறக்கும். பெரியவர்கள் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பார்கள்.

2015 செப்டம்பரில் யூரோப்பா பார்க் இதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. தேர்ந்தெடுத்தது 1984ல் வந்த ‘ஆல்பென்எக்ஸ்பிரஸ்’ என்ற பழைய குடும்ப ரைடு. மோட்டாரில் ஓடும் சாதுவான ரயில். வேண்டியவர்கள் தனிக்கட்டணம் கட்டி ஹெட்செட் வாங்கிக்கொள்ளலாம், வேண்டாதவர்கள் எப்போதும்போல மலைக்காட்சியை ரசித்துக்கொண்டு போகலாம். வாக்னரும் மாக் குடும்பமும் சேர்ந்து தொடங்கிய ‘வி.ஆர். கோஸ்டர்’ நிறுவனம் இந்தத் தொழில்நுட்பத்தை மற்ற பூங்காக்களுக்கு விற்கப் புறப்பட்டது.

தலை திரும்பியதா, ரயில் திரும்பியதா?

கேட்க எளிது, செய்வது அப்படியல்ல. ஹெட்செட்டுக்குள் ஜைரோஸ்கோப் என்ற உணரி இருக்கிறது. தலை இடது பக்கம் திரும்பினால் காட்சியும் அதற்கேற்ப நகரச் செய்வது அதன் வேலை. வீட்டில் இது பிரச்சினையே இல்லை. கோஸ்டரில் பயணி நேராகப் பார்த்துக்கொண்டிருக்க, ரயிலே 180 டிகிரி வளைந்தால் என்ன ஆகும்? தலைதான் திரும்பிவிட்டது என்று ஹெட்செட் எடுத்துக்கொள்ளும். முன்னால் இருந்த விண்கலத்தின் கட்டுப்பாட்டுப் பலகை இப்போது முதுகுக்குப் பின்னால் இருக்கும். பயணி காலி வெளியைப் பார்த்துக்கொண்டு பின்னோக்கிப் பறப்பார்.

திசைகாட்டி உணரியை நம்பலாமா என்றால், சுற்றிலும் டன் கணக்கில் இரும்பு. அதன் முள் அங்கே எதைக் காட்டும் என்று சொல்வதற்கில்லை.

தீர்வு தண்டவாளத்திலேயே இருந்தது. கோஸ்டர் எங்கே வளையும், எவ்வளவு சாயும் என்பது வடிவமைப்பு வரைபடத்திலேயே மில்லிமீட்டர் சுத்தமாக இருக்கிறது. ரயில் இந்த நொடியில் எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தால் போதும். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணும் கருவி ஒன்றை ரயிலில் பொருத்தினார்கள். அந்தத் தகவல் கம்பியில்லாமல் ஒவ்வொரு ஹெட்செட்டுக்கும் போகும். ‘ரயில் இப்போது இந்த இடத்தில், அப்படியானால் அது இவ்வளவு திரும்பியிருக்கிறது, மிச்சம் இருப்பதுதான் தலையின் திருப்பம்’ என்று கழித்தல் கணக்குப் போட்டு, கணினி காட்சியை வரையும்.

பதிவு செய்த வீடியோவை ஓடவிட்டால் போதாதா? போதாது. ஒரே கோஸ்டர் ஒருநாள் முழுக்க ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. குளிர்ந்த காலையில் மந்தமாக ஓடும், வெயில் ஏறி உருளைகள் சூடானதும் பறக்கும். ஆட்கள் நிறைந்த ரயிலுக்கும் பாதி காலியான ரயிலுக்கும் வேகத்தில் வித்தியாசம் உண்டு. வீடியோ நிலையான நேரத்துக்கு ஓடினால், ஒரு நொடி பிசகினாலும் போச்சு: காட்சியில் நேராகப் போய்க்கொண்டிருக்க, உடல் வலப்பக்கம் எறியப்படும். அதனால் கம்ப்யூட்டர் கேம் போல, காட்சி அந்தந்தக் கணத்தில் வரையப்படுகிறது. ரயில் வழியில் பிரேக்கில் நின்றுவிட்டாலும் சமாளிக்க வேண்டும். அதற்கென்று விண்கலம் அனுமதிக்காகக் காத்திருப்பது போன்ற இடைக்காட்சிகளைச் செய்துவைத்தார்கள்.

இத்தனையும் செய்தது ஒரு செல்போன். கியர் வி.ஆர். என்பது உண்மையில் லென்ஸ் பொருத்திய ஒரு சட்டகம்தான். திரையும் மூளையும் அதில் செருகுகிற கேலக்ஸி போன். அந்தத் திரை நொடிக்கு 60 படம் காட்டும், அதாவது ஒரு படத்துக்குச் சுமார் 17 மில்லி நொடி. தலை அசைந்ததற்கும் காட்சி மாறுவதற்கும் இடையே 20 மில்லி நொடிக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தத் துறையினர் வழக்கமாகச் சொல்லும் எல்லை. வெயிலில் சூடேறிய போன், ஓடுகிற ரயிலில், அந்த எல்லைக்குள் மூச்சுவாங்க வேலை செய்தது.

மலிவாக ஒரு புது ரைடு

கேளிக்கைப் பூங்கா நடத்துகிறவருக்கு ஓயாத கவலை ஒன்று உண்டு: இந்த வருடம் புதிதாக என்ன? புதிதாக எதுவும் இல்லையென்றால் போன வருடம் வந்தவர் இந்த வருடம் வரமாட்டார். ஆனால், பெரிய கோஸ்டர் சும்மா வந்துவிடாது. ஆல்டன் டவர்ஸில் 2013ல் திறந்த ‘ஸ்மைலர்’ ஒன்றுக்கு மட்டும் 1.8 கோடி பவுண்டு. இடம், அனுமதி, அஸ்திவாரம், வருடக்கணக்கான வேலை.

ஹெட்செட்டுக்கு அஸ்திவாரம் தோண்ட வேண்டாம். தண்டவாளம் இருக்கிறது, ரயில் இருக்கிறது, உரிமம் இருக்கிறது. கதையை மட்டும் மாற்றினால் போதும். அடுத்த வருடம் வேறு கதை. ஹாலோவீனுக்குப் பேய், கிறிஸ்துமஸுக்குச் சறுக்குவண்டி. காகிதத்தில் இதைவிட அழகான கணக்கு இல்லை.

நேரமும் கூடிவந்தது. ஆக்குலஸ் என்ற சிறு நிறுவனத்தை ஃபேஸ்புக் 200 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது 2014ல். அதன் ரிஃப்ட் ஹெட்செட் 599 டாலர் விலையில் சந்தைக்கு வந்தது 2016 மார்ச் 28 அன்று. கேலக்டிகா திறந்து நான்கே நாளில். அந்த விலையும், அதற்கு ஈடுகொடுக்கிற கம்ப்யூட்டரின் விலையும் சாமானியனுக்கு எட்டாதவை. பத்திரிகைகள் புகழ்கிற இந்த மாயக்கண்ணாடியை வாழ்க்கையில் முதல்முறையாகத் தொட்டுப்பார்க்கும் இடமாகப் பூங்காவை மாற்றலாம் என்பது திட்டம்.

அமெரிக்காவின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் நிறுவனம் 2016 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் ஒன்பது கோஸ்டர்களுக்கு ஹெட்செட் மாட்டப்போவதாகச் சொன்னது. சாம்சங்கும் ஆக்குலஸும் கருவி தந்தன, காட்சி வி.ஆர். கோஸ்டர் நிறுவனத்துடையது. ஆறு கோஸ்டர்களில் பயணிகள் போர்விமானம் ஓட்டி வேற்றுலக எதிரிகளை விரட்டினார்கள். மூன்றில் சூப்பர்மேன் வில்லன் லெக்ஸ் லூதரோடு மோதினார். நுழைவுச்சீட்டு இருந்தால் போதும், ஹெட்செட்டுக்குத் தனிக்கட்டணம் கிடையாது.

அந்த ஒன்பதில் முக்கியமானது கலிஃபோர்னியா மேஜிக் மவுன்டனில் உள்ள ‘ரெவல்யூஷன்’. 1976ல் ஜெர்மன் பொறியாளர் ஆன்டன் ஷ்வார்ட்ஸ்காஃப் கட்டியது. முழு வட்டமாக மேலே ஏறித் தலைகீழாகி இறங்கும் வளையத்தோடு நவீன காலத்தில் வந்த முதல் கோஸ்டர் என்ற பெருமை அதற்கு. நாற்பதாவது வயதில் அதற்குப் புதுப் பெயின்ட், புது ரயில், கூடவே ஹெட்செட்டும் கிடைத்தது. ‘நியூ ரெவல்யூஷன்’ என்று பெயரும் மாறியது.

அதே ஆண்டில் ஜப்பானின் ஒசாகாவில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ், பாப் பாடகி க்யாரி பாம்யு பாம்யுவின் வண்ணமயமான உலகத்தை ஓர் இருட்டுக் கோஸ்டருக்குள் கொண்டுவந்தது. கனடாஸ் வொண்டர்லேண்டில் ‘தண்டர் ரன்’ கோஸ்டரும் ஹெட்செட்டுக்கு மாறியது. 2017ல் கோபன்ஹேகன் டிவோலியின் ‘டெமோனன்’ கோஸ்டரில் சீனப் பூதங்களும் டிராகன்களும் வந்தன. சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டினால் வரும் ஜொகூரில் உள்ள லீகோலாண்ட் மலேசியா, அதே ஆண்டு நவம்பரில் ‘தி கிரேட் லீகோ ரேஸ்’ என்று தன் பழைய கோஸ்டருக்குப் புதுவேடம் போட்டது. ஃபுளோரிடா லீகோலாண்டில் அது அடுத்த வருடம்தான் வந்தது.

ஸ்டேஷனில் சிக்கல்

கோஸ்டர் ஸ்டேஷன் ஒரு தொழிற்சாலை. ஒரு ரயில் ஓடி முடித்துத் திரும்புவதற்குள் அடுத்த ரயிலில் ஆட்கள் ஏறி, பட்டி பூட்டி, பரிசோதனை முடிந்து, பச்சைவிளக்கு விழுந்துவிட வேண்டும். நல்ல குழு இருந்தால் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு ரயில் புறப்படும். கேலக்டிகா ரயிலில் 28 பேர். ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் மணிக்கு 1,120 பேர். அதுவே மூன்று நிமிடம் ஆகிவிட்டால் 560 பேர். வரிசையில் நிற்பவர்கள் எண்ணிக்கை குறையவில்லை. காத்திருக்கும் நேரம்தான் இரட்டிப்பாகிறது.

அந்தக் கூடுதல் ஒன்றரை நிமிடம் எங்கே போகும் என்று ஸ்டேஷனில் நின்று பார்த்தால் தெரியும். பயணி உட்கார்கிறார். ஊழியர் ஹெட்செட்டைக் கொடுக்கிறார். பட்டையை எங்கே இழுப்பது என்று பயணிக்குத் தெரியவில்லை. தாடைக்குக் கீழே இன்னொரு பட்டை, ஓட்டத்தில் கழன்று விழாமல் இருக்க. மூக்குக் கண்ணாடி போட்டவர் அதைக் கழற்றி எங்கே வைப்பது என்று விழிக்கிறார். கொண்டை போட்டவருக்குப் பின்பட்டை நிற்கவில்லை. காட்சி மங்கலாக இருக்கிறது என்கிறார் ஒருவர். மேலே இருக்கும் சக்கரத்தைத் திருப்பி ஃபோகஸ் செய்ய வேண்டும். இன்னொருவருக்குக் காட்சி பக்கவாட்டில் திரும்பி நிற்கிறது, மறுபடி நேராக்க வேண்டும். வேறொருவருக்குத் திரையே வரவில்லை. இதெல்லாம் முடிந்த பிறகுதான் மார்புக் கவசம் இழுத்துப் பார்க்கிற வழக்கமான பரிசோதனை. கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் பயணிக்கு ஊழியர் காட்டும் சைகையும் தெரியாது.

ரயில் திரும்பி வந்ததும் வேறு வேலை. ஹெட்செட் ஒவ்வொன்றையும் கழற்றி, நெற்றி வியர்வையும் சன்ஸ்கிரீனும் மேக்கப்பும் படிந்த பஞ்சுப்பகுதியைக் கிருமிநாசினித் துண்டால் துடைத்து, லென்ஸைத் துடைத்து, பேட்டரி இறங்கிவிட்ட போனை எடுத்துவிட்டு வேறு போன் செருக வேண்டும். ஒரு ரயிலுக்கு ஒரு செட் ஹெட்செட் போதாது. முதல் செட் சுத்தமாகிக்கொண்டிருக்கும்போது அடுத்த ரயிலுக்கு இன்னொரு செட், சார்ஜில் ஒரு செட், ரிப்பேரில் சில. இவ்வளவுக்கும் கூடுதல் ஆள் வேண்டும். அஸ்திவாரம் தோண்டாமல் மிச்சம் பிடித்த காசு, மாதாமாதம் சம்பளமாகக் கரைந்தது.

எடையும் ஒரு பிரச்சினை. போனோடு சேர்த்து ஹெட்செட் கிட்டத்தட்ட அரைக் கிலோ. புவியீர்ப்பைப் போல நான்கு மடங்கு (4 ஜி) விசை அழுத்தும் வளைவில் கழுத்துக்கு அது இரண்டு கிலோ. அதுவும் முகத்துக்கு முன்னால் தொங்குகிற இரண்டு கிலோ. ஓட்டம் வழுவழுப்பாக இல்லாத பழைய தண்டவாளத்தில் ஒவ்வோர் அதிர்வுக்கும் லென்ஸ் கண்ணை விட்டு நகரும், காட்சி கலங்கும்.

குடும்பமாக வந்தவர்களுக்கு இன்னொரு சங்கடம். ஹெட்செட்டைத் தயாரித்தவர்கள் 13 வயதுக்குக் கீழே வேண்டாம் என்றார்கள். சிக்ஸ் ஃபிளாக்ஸும் அதே விதியை வைத்தது. அப்பாவும் அக்காவும் விண்வெளிக்குப் போக, தம்பி பக்கத்து சீட்டில் வெறும் கண்ணோடு உட்கார்ந்திருந்தான்.

எதற்குக் கண்ணை மூட வேண்டும்?

கோஸ்டர் ரசிகர்கள் என்று உலகமெங்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. விடுமுறை எடுத்து நாடுநாடாகப் போய் கோஸ்டர் ஏறுகிறவர்கள். அவர்களுடைய எதிர்ப்பு, வரிசை பற்றியது மட்டுமல்ல.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் நியூ இங்கிலாந்தில் ‘சூப்பர்மேன்’ கோஸ்டர் இருக்கிறது. 63 மீட்டர் உயரம். தொழில் ஏடான ‘அம்யூஸ்மென்ட் டுடே’ ஆண்டுதோறும் தரும் கோல்டன் டிக்கெட் விருதுகளில் 2003லும், பிறகு 2006 முதல் 2009 வரையிலும் உலகின் சிறந்த இரும்புக் கோஸ்டராக அது தேர்வானது. உச்சியில் ஏறி நின்றால் கீழே கனெக்டிகட் ஆறு தெரியும். அந்தக் காட்சியை மறைத்துவிட்டு ஒரு செல்போன் திரையில் கார்ட்டூன் நகரத்தைக் காட்டுவது எதற்கு என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மொட்டை மைதானத்தில் நிற்கும் சாதாரண ரைடுக்கு ஹெட்செட் அலங்காரம் சேர்க்கும். நல்ல கோஸ்டரில் அது இருப்பதையும் பறித்துக்கொள்ளும்.

கூடப் போனவர் முகத்தைப் பார்க்க முடியாது என்பதும் சின்ன இழப்பு அல்ல. சரிவுக்கு முன் பக்கத்து சீட்காரரின் கையைப் பிடிப்பது, அவர் அலறுவதைப் பார்த்துச் சிரிப்பது, கைகளைத் தூக்கிக் காற்றில் விடுவது இவையெல்லாம் சேர்ந்துதான் கோஸ்டர். ஹெட்செட்டுக்குள் ஒவ்வொருவரும் தனித்தனி. மேஜிக் மவுன்டனில் ரெவல்யூஷனுக்கு வந்த மாற்றங்களில் ரசிகர்கள் அதிகம் கொண்டாடியது போர்விமானக் கதையை அல்ல; தோளை இடித்துக்கொண்டிருந்த பழைய கவசத்தை நீக்கிவிட்டு மடிமேல் மட்டும் பூட்டும் கவசம் வைத்ததைத்தான்.

கழற்றிய கதை

ஆர்லண்டோ சீவேர்ல்டின் ‘கிராக்கன்’ நல்ல உதாரணம். 2000ல் வந்த கோஸ்டர்; மணிக்கு 105 கி.மீ., ஏழு முறை தலைகீழ். 2017 ஜூனில் ‘கிராக்கன் அன்லீஷ்ட்’ என்று ஆழ்கடல் காட்சியோடு மறுபடி திறந்தார்கள். மற்றவர்கள் செய்த தவறைத் திருத்தி, ஹெட்செட்டை ரயிலோடு இணைத்தே வடிவமைத்திருந்தார்கள். அப்படியும் 32 பேர் அமரும் ரயிலில் மாட்டுவதும் துடைப்பதும் குறையவில்லை. அடுத்த வருடமே, 2018ல், ஹெட்செட் போய்விட்டது. கிராக்கன் வெறும் கண்ணோடு ஓடத் தொடங்கியது. வரிசையும் பழைய வேகத்துக்குத் திரும்பியது.

சிக்ஸ் ஃபிளாக்ஸ் 2017ல் ஒரு படி மேலே போய்ப் பார்த்தது. போனின் கேமரா வழியாக நிஜக் காட்சியும் அதன்மேல் வேற்றுலக விண்கலங்களும் கலந்து தெரியும் ‘கேலக்டிக் அட்டாக்’ வந்தது. செங்குத்தாக விழும் கோபுர ரைடுகளுக்கும் ஹெட்செட் மாட்டினார்கள். வரிசை மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

பின்னணியில் இன்னொரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கோஸ்டரின் ஆயுள் நாற்பது, ஐம்பது வருடம். செல்போனின் ஆயுள் இரண்டு, மூன்று வருடம். 2019 ஆகஸ்டில் வந்த சாம்சங் கேலக்ஸி நோட் 10 கியர் வி.ஆர். சட்டகத்தில் பொருந்தாது என்று தெரிந்ததும் அந்தக் கருவியின் முடிவு உறுதியானது. 2020 செப்டம்பர் இறுதியில் சாம்சங் தன் வி.ஆர். சேவையை மூடியது. அதே வருடம் கொரோனா. ஒருவர் முகத்தில் இருந்ததை இன்னொருவர் முகத்தில் மாட்டுகிற தொழிலுக்கு அதைவிட மோசமான வருடம் இருக்க முடியாது.

பழைய கோஸ்டரைப் புதுப்பிக்கும் ஆசை மட்டும் போகவில்லை. அது இரும்புப் பக்கம் திரும்பியது. ஒஹையோவின் சீடார் பாயின்ட் பூங்காவில் 1991ல் கட்டிய மரக் கோஸ்டர் ‘மீன் ஸ்ட்ரீக்’, மரச் சட்டகத்தில் இரும்புத் தண்டவாளம் பூட்டப்பட்டு 2018ல் ‘ஸ்டீல் வெஞ்சன்ஸ்’ ஆனது. ஆல்டன் டவர்ஸ், 1994ல் வந்த தன் புகழ்பெற்ற ‘நெமிசிஸ்’ கோஸ்டரை 2022 நவம்பரில் மூடி, தண்டவாளத்தையே மாற்றி, 2024 மார்ச்சில் ‘நெமிசிஸ் ரீபார்ன்’ என்று திறந்தது. மலிவான வேலைகள் அல்ல இவை. ஆனால், திறந்த பிறகு ஒவ்வொரு ரயிலுக்கும் துண்டு எடுத்துத் துடைக்க வேண்டியதில்லை.

தாக்குப்பிடித்தவர்கள்

எல்லோரும் கைவிடவில்லை. நிலைத்தவர்கள் எப்படி நிலைத்தார்கள் என்பது இந்தக் கதையின் சுவாரசியமான பகுதி.

ஒசாகா யுனிவர்சல் ஸ்டுடியோஸ், ஹெட்செட்டை நிரந்தர அம்சமாக வைக்கவே இல்லை. சில மாதத் திருவிழாவாக வைத்தது. க்யாரிக்குப் பிறகு ‘இவாஞ்சலியன்’, ‘ஃபைனல் ஃபேன்டசி’, ‘டீமன் ஸ்லேயர்’ என்று அடுத்தடுத்துப் பிரபலக் கதைகள். அந்தக் கதைகளின் ரசிகர் காத்திருக்கத் தயாராகவே வந்தார். கோஸ்டரும் இருட்டுக் கூடத்துக்குள் ஓடுவது. வெயில் இல்லை, மழை இல்லை, மறைக்கப்படும் இயற்கைக் காட்சியும் இல்லை.

யூரோப்பா பார்க் இன்னும் ஆழமாக யோசித்தது. வெள்ளிக் கோளத்துக்குள் ஓடும் 1989ஆம் வருடத்து ‘யூரோசாட்’ கோஸ்டரின் தண்டவாளத்தை 2018ல் புதுப்பித்தபோது, வி.ஆர். பயணிகளுக்கென்றே தனியாக இன்னொரு ஸ்டேஷன் கட்டினார்கள். லூக் பெஸ்ஸோனின் ‘வலேரியன்’ படக் கதை. தனிக்கட்டணம், தனி வரிசை. பயணிகள் ரயிலுக்கு வருவதற்கு முன்பே ஓர் அறையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, அந்த மெய்நிகர் உலகத்துக்குள்ளேயே நடந்து வந்து ஏறினார்கள். பட்டையை இறுக்குவதும், ஃபோகஸ் செய்வதும், மக்கர் செய்கிற கருவியை மாற்றுவதும் அங்கேயே முடிந்துவிட்டன. வழக்கமான ரயில்கள் தங்கள் ஸ்டேஷனிலிருந்து தங்கள் வேகத்தில் புறப்பட்டுக்கொண்டே இருந்தன. ஹெட்செட்காரர் ஒருவர் தாமதித்தால் ஹெட்செட் இல்லாதவர் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

வாக்னரும் மாக் குடும்பமும் 2015ல் விற்ற யோசனையின் கவர்ச்சியே, புதிதாக எதையும் கட்ட வேண்டாம் என்பதுதான். மூன்றே வருடத்தில் அவர்களே தங்கள் சொந்தப் பூங்காவில் அதற்காக ஒரு ஸ்டேஷனைக் கட்டவேண்டி வந்தது.

அடுத்த தலைமுறை ரைடுகள் இந்தப் பாடத்தைப் பிறவியிலேயே வைத்துக்கொண்டு வருகின்றன. ஒசாகா யுனிவர்சலில் 2021 மார்ச்சில் திறந்த நின்டெண்டோ பகுதியின் மரியோ கார்ட் ரைடு கோஸ்டர் அல்ல, நான்கு பேர் அமரும் வண்டி நிதானமாக ஓடும் ரைடு. ஆனால், தலையில் மாட்டும் கருவியோடு முதல் நாளிலிருந்தே வடிவமைக்கப்பட்டது. அதன் கண்ணாடி ஒளிபுகும். செட்டும் தெரியும், பக்கத்து சீட்காரரும் தெரிவார், அவற்றின்மேல் எதிரிகளும் ஆமை ஓடுகளும் பறக்கும். அதே ரைடு 2023ல் ஹாலிவுட்டிலும், 2025 மே மாதம் ஆர்லண்டோவில் திறந்த எபிக் யுனிவர்ஸ் பூங்காவிலும் வந்தது. அங்கெல்லாம் மரியோ குல்லாவை வரிசையில் வரும்போதே தலையில் மாட்டி, அளவு சரிபார்த்துக்கொண்டுதான் பயணி வண்டிக்கு வருகிறார். சீட்டில் உட்கார்ந்ததும், வண்டியோடு கம்பியில் இணைந்திருக்கும் கண்ணாடியைக் குல்லாவின் முன்பகுதியில் ‘க்ளிக்’ என்று பொருத்துவது மட்டும்தான் பாக்கி.